பத்துப் பேர் போதும்: யூத ஜெபஆலயத்தை நடத்துவது யார்?

கொச்சி மட்டாஞ்சேரிக்குப் போகிறவர்கள் தவறாமல் எட்டிப் பார்க்கும் இடம் அங்கிருக்கும் பரதேசி யூத ஜெபஆலயம். (பரதேசி என்றால் இங்கே வெளிதேசத்தவர்.) 1568இல் கட்டியது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். காலடியில் சீனாவிலிருந்து வந்த நீல வேலைப்பாட்டுப் பீங்கான் ஓடுகள், தலைக்கு மேல் கண்ணாடி விளக்குகள், கூடத்தின் நடுவில் பித்தளைக் கம்பி அடைத்த ஒரு மேடை, மேற்குச் சுவரில் வேதச் சுருள்கள் வைக்கும், திரை போட்ட ஒரு பேழை. கொச்சியிலிருந்து பார்த்தால் எருசலேம் மேற்கே இருப்பதால் பேழையும் மேற்கே. நான் போயிருந்தபோது பக்கத்தில் நின்ற ஒரு அம்மா கூட வந்தவரிடம் மெல்லக் கேட்டார்: "சரி, இங்க பூசை பண்றவர் எங்க உட்காருவார்?"

நியாயமான கேள்வி. கோயில் என்றால் குருக்கள், சர்ச் என்றால் பாதிரியார் என்றே பழகியிருக்கிறோம். யூதர்களுக்கு ரபீ என்று ஒருவர் இருப்பார் என்பதும் நம்மில் பலருக்குத் தெரியும். ஆனால் அந்த மட்டாஞ்சேரிக் கூடத்தில், அது உயிரோடு இயங்கிய நூற்றாண்டுகளில்கூட, பட்டம் பெற்ற ரபீ என்று ஒருவர் நிலையாக இருந்ததில்லை. கொச்சி யூதர்கள் ரபீ இல்லாமலேயே தொழுதார்கள், கல்யாணம் செய்தார்கள், பிள்ளைகளுக்கு எபிரேயம் சொல்லிக் கொடுத்தார்கள், இறந்தவர்களை அடக்கம் செய்தார்கள். அதனால் அவர்களுடைய வழிபாட்டில் ஒரு குறையும் வந்ததாக யாரும் சொன்னதில்லை.

இது எப்படி முடிகிறது என்று புரிந்துகொண்டால், யூத ஜெபஆலயத்தில் ரபீ யார், ஹஸான் யார், கபாய் யார் என்பதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

முதலில் இடத்தின் பெயரைப் பாருங்கள். எபிரேயத்தில் அதை 'பெத் கெனெசெத்' என்பார்கள். கூடும் வீடு என்று பொருள். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியில் 'ஷூல்'. அதற்குப் பள்ளிக்கூடம் என்றும் அர்த்தம். கேரளத்தில் சாதாரணமாக யூதப் பள்ளி. தொழுகிற இடத்துக்கும் படிக்கிற இடத்துக்கும் ஒரே சொல்லை வைத்திருப்பது நமக்கு அந்நியமான விஷயம் இல்லை. பள்ளிவாசலும் பள்ளிக்கூடமும் நம் வாயில் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஆக, அது கடவுள் குடியிருக்கும் கருவறை இல்லை. ஆட்கள் கூடிப் படிக்கவும் தொழவும் ஏற்பட்ட கூடம். கருவறை இல்லாத இடத்தில் கருவறைக்குள் போக உரிமை பெற்ற ஒருவருக்கு என்ன வேலை?

அப்படியானால் வழிபாட்டுக்கு எது கட்டாயம்? பத்துப் பேர். இந்தப் பத்துப் பேர் கூட்டத்துக்கு 'மின்யான்' என்று பெயர். 13 வயது நிரம்பிய ஆண்கள் பத்துப் பேர் என்பது பழைய விதி. சீர்திருத்தப் பிரிவுகளில் பெண்களையும் சேர்த்து எண்ணுவார்கள். தனி ஆளாக வீட்டில் ஜெபிக்கத் தடையில்லை. ஆனால் மோசேயின் ஐந்து நூல்களான தோராவின் சுருளை எடுத்து முறைப்படி வாசிப்பதற்கும், செத்துப்போன அப்பா அம்மாவுக்காகப் பிள்ளைகள் சொல்லும் 'கத்தீஷ்' என்ற ஜெபத்துக்கும் பத்துப் பேர் இருந்தே ஆக வேண்டும். ஒன்பது பேர் வந்து உட்கார்ந்துவிட்டால் யாராவது ஒருவர் தெருவுக்கு வந்து, போகிற வருகிறவர்களில் யூதர் யாரென்று தேடுவார். பத்தாவது ஆளுக்காகக் காத்திருப்பது சின்னஞ்சிறு யூத சமூகங்களின் அன்றாடக் கவலை.

பத்து என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்பது ஒரு வேடிக்கை. மோசே கானான் தேசத்தை வேவு பார்க்க 12 பேரை அனுப்புகிறார். பத்துப் பேர் பயந்துபோய்த் தப்பான சேதி கொண்டுவருகிறார்கள். அந்தப் பத்துப் பேரைத்தான் வேதம் 'சபை' என்ற சொல்லால் குறிக்கிறது, அதனால் சபை என்றால் பத்துப் பேர் என்று, யூத அறிஞர்களின் விவாதத் தொகுப்பான தல்மூத் கணக்குப் போடுகிறது. ஆக, சபையின் அளவை நிர்ணயித்தவர்கள் பத்து மகான்கள் அல்ல, தப்புச் செய்த பத்து ஆசாமிகள். இத்திஷில் ஒரு பழமொழி உண்டு: ஒன்பது ரபீகள் சேர்ந்தாலும் மின்யான் ஆகாது, பத்துச் செருப்புத் தைப்பவர்கள் சேர்ந்தால் ஆகும்.

அப்போது ரபீ எதற்கு?

தமிழ் வேதாகமம் படித்தவர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல. யோவான் சுவிசேஷத்தில் இரண்டு சீடர்கள் இயேசுவை 'ரபீ' என்று கூப்பிடுகிறார்கள். அதற்குப் போதகரே என்று அர்த்தம் என்று அங்கேயே விளக்கமும் இருக்கிறது. எபிரேயத்தில் 'ராவ்' என்றால் பெரியவர், 'ரபீ' என்றால் என் ஆசான். அந்தப் பொருளை விட்டுவிடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ரபீ பூசாரி அல்ல, வாத்தியார்.

யூதர்களுக்குப் பூசாரிகள் இருந்தார்கள், ஒரு காலத்தில். எருசலேமில் ஆலயம் நின்றபோது அங்கே பலி கொடுத்தவர்கள் கோஹென்கள். மோசேயின் அண்ணன் ஆரோனின் வம்சம். தமிழ் வேதாகமத்தில் 'ஆசாரியர்' என்று வருவது இவர்களைத்தான். அவர்களுக்கு உதவியாகவும் பாடுகிறவர்களாகவும் இருந்தவர்கள் லேவியர்கள். இரண்டும் பிறப்பால் வருவது. படித்தோ பரீட்சை எழுதியோ கோஹென் ஆக முடியாது.

கி.பி. 70இல் ரோமர்கள் அந்த ஆலயத்தை இடித்துவிட்டார்கள். பலிபீடம் போனது, பலியும் போனது. ஒரு மதத்தின் மையமே அழிந்துவிட்டால் அதற்குப் பிறகு என்ன மிச்சம் இருக்கும்? தல்மூத் ஒரு கதை சொல்கிறது. எருசலேம் முற்றுகையில் இருந்தபோது யோகனான் பென் சக்காய் என்ற அறிஞர், செத்தவர் போலச் சவப்பெட்டியில் படுத்து, சீடர்கள் தூக்கிக்கொண்டு போக, நகரத்தை விட்டு வெளியே வந்தாராம். ரோமத் தளபதி வெஸ்பாசியானிடம் போய் அவர் கேட்டது யாவ்னே என்ற ஊரையும் அங்குள்ள அறிஞர்களையும். ஆலயத்தைக் கேட்கவில்லை. கதை அப்படியே நடந்ததா என்பது வேறு விஷயம். ஆனால் நடந்த மாற்றத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. பலிபீடத்தின் இடத்துக்குப் புத்தகம் வந்தது, பிறப்பின் இடத்துக்குப் படிப்பு வந்தது. ரபீ என்ற பட்டம் பரவலாக வழங்கத் தொடங்கியதும் இந்தக் காலத்துக்குப் பிறகுதான். அதற்கு முந்தைய பேரறிஞர் ஹில்லெலுக்கு அந்த அடைமொழியே கிடையாது, வெறும் ஹில்லெல்தான்.

கோஹென்கள் முற்றிலும் மறையவில்லை. ஜெபஆலயத்தில் தோரா வாசிக்கும்போது முதலில் அழைக்கப்படுபவர் கோஹென், அடுத்தவர் லேவியர். அப்புறம்தான் மற்றவர்கள். ஒரு கோஹென் டாக்ஸி ஓட்டுபவராக இருக்கலாம், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ரபீ பெரிய மேதையாக இருக்கலாம், முதல் அழைப்பு டாக்ஸி ஓட்டுபவருக்கே. பண்டிகை நாட்களில் கோஹென்கள் முன்னால் வந்து, தலையோடு சால்வையைப் போர்த்திக்கொண்டு, கைகளை நீட்டிச் சபையை ஆசீர்வதிப்பார்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் ஒரு பக்கம், மோதிர விரலும் சுண்டுவிரலும் இன்னொரு பக்கம், நடுவில் இடைவெளி. அந்த நேரம் அவர்களைப் பார்க்கக் கூடாது என்பது வழக்கம். பாஸ்டனில் வளர்ந்த ஒரு பையன் சின்ன வயதில் கண்ணை மூடாமல் எட்டிப் பார்த்துவிட்டான். பெரியவனாகி நடிகனானதும், விண்வெளித் தொடர் ஒன்றில் தன் பாத்திரத்துக்கு வணக்கம் சொல்லும் முத்திரையாக அதையே வைத்துக்கொண்டான். லியோனார்ட் நிமாய் நடித்த ஸ்பாக்கின் அந்தக் கை இப்படி வந்ததுதான்.

சரி, ரபீக்கு வருவோம். ஒருவர் ரபீ ஆவது எப்படி? அதற்கு 'செமிக்கா' என்று பெயர். கை வைத்தல் என்று பொருள். மோசே யோசுவாவின் தலையில் கை வைத்தார் என்ற வேத வரியிலிருந்து வந்தது. குருவிடமிருந்து சீடருக்கு என்று தொடர்ந்து வந்த அந்தப் பழைய சங்கிலி ரோமர் காலத்தின் பிற்பகுதியில் அறுந்துபோனது. இன்று செமிக்கா என்பது உண்மையில் ஒரு அனுமதிச் சான்று. இந்த ஆள் சட்டம் படித்திருக்கிறார், கேட்கிறவர்களுக்குத் தீர்ப்புச் சொல்லலாம் என்று இன்னொரு ரபீயோ கல்லூரியோ எழுதிக் கொடுப்பது. பழைய முறைச் சான்றில் 'யோரே யோரே' என்று இருக்கும். சொல்லிக்கொடுக்கலாமா, சொல்லிக்கொடுக்கலாம் என்று கேள்வியும் பதிலுமாக. சொத்து வழக்குகளையும் தீர்க்கும் அளவு படித்தவருக்கு 'யாதின் யாதின்', தீர்ப்பளிக்கலாமா, தீர்ப்பளிக்கலாம். இதில் கடவுள் சக்தி எதுவும் தலையில் இறங்குவதில்லை. வக்கீலுக்கு சன்னது கிடைப்பது போலத்தான்.

அந்தப் படிப்பில் என்ன இருக்கிறது? வாய்வழியாக வந்த சட்டங்களின் தொகுப்பான மிஷ்னா சுமார் கி.பி. 200இல் தொகுக்கப்பட்டது. அதன் மேல் பல தலைமுறை விவாதங்கள் சேர்ந்து தல்மூத் ஆனது. அதற்கும் பின்னால் வந்த சட்டத் தொகுப்பு 'ஷுல்ஹான் அருக்'. யோசேப் காரோ தொகுத்து 1565இல் வெனிஸில் அச்சேறியது. பெயருக்குப் பரிமாறி வைத்த மேசை என்று அர்த்தம். பழைய முறைப் பரீட்சையில் முக்கியமான பாடம் இறைச்சியையும் பாலையும் கலக்கக் கூடாது என்ற விதிகள். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது சில்லறை விஷயமாகத் தெரியும். ஆனால் ஒரு ரபீயின் வாசலுக்கு வருகிற கேள்விகள் இப்படிப்பட்டவைதான். போலந்தின் சிற்றூர்களில் பெண்கள் அறுத்த கோழியைக் கையில் தூக்கிக்கொண்டு ரபீ வீட்டுக்கு வருவார்கள். குடலில் ஏதோ ஊசி மாதிரி இருக்கிறது, இதைச் சமைக்கலாமா என்று கேட்பார்கள். ஆகாது என்று சொல்வது சுலபம். ஆனால் வந்திருப்பவள் ஏழையாக இருந்தால் அந்த வீட்டில் அன்றைக்குச் சாப்பாடு இல்லை. ஆகும் என்று சொல்ல ஒரு வழி இருக்கிறதா என்று புத்தகத்தைப் புரட்டித் தேடுவதில்தான் ரபீயின் தரம் தெரியும் என்பார்கள்.

கல்யாணத்தை எடுத்துக்கொள்வோம். ரபீ மணமக்களை 'இணைத்து வைப்பதில்லை'. மாப்பிள்ளை பெண்ணின் விரலில் மோதிரம் போட்டு, இந்த மோதிரத்தால் நீ எனக்கு உரியவள் என்ற வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். இரண்டு சாட்சிகள் பார்க்க வேண்டும். சட்டப்படி அத்தோடு முடிந்தது. ரபீ அங்கே நிற்பது சாட்சிகள் தகுதியானவர்களா, 'கெத்துபா' என்ற மண ஒப்பந்தம் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று கவனிக்க. விவாகரத்திலும் அதே மாதிரி. விலக்குப் பத்திரத்தைக் கொடுப்பது கணவன், சரிபார்ப்பது மூன்று பேர் அடங்கிய 'பெத் தின்' என்ற மன்றம். பாவமன்னிப்பு கேட்டு ரபீ முன்னால் முழங்காலிடுவது கிடையவே கிடையாது. ஒருவருக்குச் செய்த தப்புக்கு அந்த ஆளிடம்தான் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

சம்பளம் வாங்கலாமா?

இது எனக்குப் பிடித்த சண்டை, அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

தோராவைத் தோண்டும் மண்வெட்டி ஆக்காதே என்று மிஷ்னா சொல்கிறது. அதாவது படிப்பைப் பிழைப்புக் கருவி ஆக்கிக்கொள்ளாதே. பழைய அறிஞர்கள் அப்படித்தான் வாழ்ந்தார்கள். ஹில்லெல் விறகு வெட்டியதாகக் கதை. யோகனான் ஹசந்த்லார் என்ற ரபீயின் பெயரிலேயே தொழில் இருக்கிறது, செருப்புத் தைப்பவர். ஈசாக் நப்பாகா என்றால் கொல்லர் ஈசாக்கு.

12ஆம் நூற்றாண்டில் இந்த விதியை இறுக்கிப் பிடித்தவர் மைமோனிடஸ். யூத சட்டத்தையே ஒழுங்குபடுத்தி எழுதிய மேதை. படிப்புக்குக் காசு வாங்குகிறவன் கடவுளின் பெயரைக் கெடுக்கிறான் என்று கோபமாகவே எழுதினார். அவரால் அப்படி எழுத முடிந்ததற்கு ஒரு காரணமும் இருந்தது. தம்பி தாவீது ரத்தின வியாபாரம் செய்து குடும்பத்தைத் தாங்கிக்கொண்டிருந்தான். அந்தத் தம்பி வியாபாரத்துக்காக இந்தியாவுக்குப் புறப்பட்டவன் இந்துமாக்கடலில் கப்பலோடு மூழ்கிப் போனான். மைமோனிடஸ் நெடுநாள் படுத்த படுக்கையாகக் கிடந்தார். எழுந்தபின் கெய்ரோவில் மருத்துவம் பார்த்து, கடைசியில் சலாவுதீனின் அரசவைக்கே வைத்தியரானார். அந்த நிலையிலும் ரபீ வேலைக்குச் சம்பளம் வாங்கவில்லை.

எல்லாரும் மைமோனிடஸ் ஆக முடியுமா? ஊர் பெரிதாகிறது, வழக்குகள் கூடுகின்றன, முழுநேர ஆள் வேண்டியிருக்கிறது. அப்போது சட்ட அறிஞர்கள் ஒரு அழகான வழி கண்டுபிடித்தார்கள். ரபீக்குக் கொடுப்பது படிப்புக்கான கூலி இல்லை. அவர் வேறு வேலைக்குப் போயிருந்தால் சம்பாதித்திருப்பாரே, அதை இழந்ததற்கான ஈடு. எபிரேயத்தில் 'செக்கார் பட்டாலா'. இன்றும் ரபீயின் சம்பளத்துக்குப் பின்னால் நிற்கும் நியாயம் இதுதான். தர்க்கம் கொஞ்சம் வளைந்துதான் இருக்கிறது. ஆனால் இந்த வளைவில் ஒரு வெட்கம் இருக்கிறது, அது எனக்குப் பிடித்திருக்கிறது.

சம்பளம் கொடுப்பது யார்? சபைதான். ரோமிலிருந்து ஒரு போப் நியமிப்பது போல மேலிருந்து யாரும் அனுப்புவதில்லை. இஸ்ரேலில் 1921 முதல் அஷ்கெனாசி (ஜெர்மனி, கிழக்கு ஐரோப்பிய மரபு), செபார்தி (ஸ்பெயின் வழி மரபு) என்று இரண்டு தலைமை ரபீகள் இருக்கிறார்கள், பிரிட்டனிலும் ஒரு தலைமை ரபீ உண்டு. ஆனால் உலக யூதர்கள் எல்லாரையும் கட்டுப்படுத்தும் ஒரு நாற்காலி கிடையாது. அமெரிக்காவில் ஜெபஆலயத்தின் நிர்வாகக் குழு நேர்காணல் வைத்து, ஒப்பந்தம் போட்டு, ரபீயை வேலைக்கு எடுக்கும். பிடிக்காவிட்டால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காது. சபையைக் கண்டிக்க வேண்டியவரே சபையிடம் சம்பளம் வாங்குகிறார் என்றால் சிக்கல் புரியும். இதற்கும் ஒரு பழைய சொலவடை உண்டு: ஊர் துரத்த நினைக்காதவர் ரபீயே இல்லை, உண்மையிலேயே துரத்தப்பட்டவர் ஆம்பளையே இல்லை.

வாராவாரம் மேடையேறிப் பிரசங்கம் செய்வதும் பழைய வேலை இல்லை. முன்பெல்லாம் ஊர் ரபீ வருடத்துக்கு இரண்டு பெரிய உரைதான் நிகழ்த்துவார். பஸ்கா பண்டிகைக்கு முந்தைய ஓய்வுநாளில், அதாவது சனிக்கிழமையில் ஒன்று, புத்தாண்டுக்கும் பாவநிவிர்த்தி நாளுக்கும் இடைப்பட்ட ஓய்வுநாளில் ஒன்று. 19ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில், பக்கத்து சர்ச்சைப் பார்த்து, உள்ளூர் மொழியில் வாராந்திரப் பிரசங்கம் வழக்கமானது. இன்றைய அமெரிக்க ரபீ பிரசங்கம் செய்வார், ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்ப்பார், மனம் உடைந்தவர்களோடு உட்கார்ந்து பேசுவார், கட்டட நிதி திரட்டுவார். இதற்காகவே கல்லூரிகள் வந்தன. சீர்திருத்தப் பிரிவுக்கு 1875இல் சின்சினாட்டியில் தொடங்கிய ஹீப்ரூ யூனியன் கல்லூரி, அதைவிடக் கொஞ்சம் மரபைப் பிடித்துக்கொள்பவர்களுக்கு 1886இல் நியூயார்க்கில் தொடங்கிய யூத இறையியல் கல்லூரி.

குரல் கொடுப்பவர், பெயர் கூப்பிடுபவர், கதவு தட்டுபவர்

ரபீக்கு அடுத்தபடி ஹஸான். முன்னால் நின்று ஜெபத்தை இசையோடு நடத்துகிறவர். இவருக்கு இன்னொரு பெயர் 'ஷெலியாக் சிபூர்', சபையின் தூதர். ஒரு காலத்தில் அச்சிட்ட ஜெபப் புத்தகம் கிடையாது. மனப்பாடமாகத் தெரியாதவர்களுக்குப் பதிலாக ஒருவர் சொல்வார், மற்றவர்கள் 'ஆமென்' சொன்னால் தாங்களே சொன்ன மாதிரி. தத்துவப்படி தெரிந்தவர் யாரும் செய்யலாம். பல சிறு சபைகளில் முறைபோட்டுக்கொண்டு செய்கிறார்கள். ஆனால் நம்முடைய ராகங்களுக்கு வேளை இருப்பது போல இங்கேயும் காலை ஜெபத்துக்கு ஒரு மெட்டு வகை, ஓய்வுநாளுக்கு ஒன்று, பாவநிவிர்த்தி நாளுக்கு வேறொன்று என்று மரபு இருக்கிறது. 'நுசாக்' என்று பெயர். பாவநிவிர்த்தி நாள் தொடங்கும் மாலையில் 'கோல் நித்ரே' பாடலை ஹஸான் மூன்று முறை பாடுவார். முதல் முறை தயங்கித் தயங்கி, பிறகு கொஞ்சம் உயர்த்தி, மூன்றாவது முறை முழுக் குரலில். வருடம் முழுக்க ஜெபஆலயப் பக்கமே வராதவர்களும் அன்றைக்கு வந்துவிடுவார்கள்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹஸான்கள் இசைத்தட்டு நட்சத்திரங்களாகவே இருந்தார்கள். அவர்களில் பெரிய பெயர் யோசெலே ரோசன்பிளாட். 1918இல் சிகாகோ ஓப்பரா அவரை மேடைக்குக் கூப்பிட்டது. ஜெபஆலயத்தில் நிற்கும் குரல் ஓப்பரா மேடையில் நிற்கக் கூடாது என்று மறுத்துவிட்டார். அமெரிக்காவின் பல சபைகளில் இன்று மதகுருக்கள் என்று சொன்னால் ரபீ, ஹஸான் இருவரையுமே குறிக்கும்.

தோரா வாசிப்பவர் தனி. அது தனித் திறமை. தோராச் சுருள் தோலில் கையால் எழுதியது, மொத்தம் 304,805 எழுத்துகள். ஒரு எழுத்து அழிந்திருந்தாலும் சரிசெய்யும்வரை அந்தச் சுருளை வாசிக்க எடுக்கக் கூடாது. அதில் உயிர்க்குறிகள் இல்லை, நிறுத்தக்குறிகள் இல்லை, பாடுவதற்கான இசைக்குறிகளும் இல்லை. 'கட்டம்' என்பதை வெறும் 'கடடம' என்று எழுதி வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதை ராகத்தோடு, தப்பில்லாமல், வாரம் ஒரு பகுதி என்று வருடம் முழுக்க வாசித்து முடிக்க வேண்டும். பழைய நாளில் அழைக்கப்பட்டவரே தன் பங்கை வாசித்தார். வாசிக்கத் தெரியாதவர் நாலு பேர் முன்னால் அவமானப்படக் கூடாது என்று, எல்லாருக்குமாக ஒரே வாசிப்பவரை வைத்தார்கள்.

அவருக்குப் பக்கத்தில் நிற்பவர் கபாய். வாசிப்பில் தப்பு வந்தால் உடனே திருத்துவது இவர் வேலை. யார் யாரை மேடைக்கு அழைப்பது என்று பட்டியல் போடுவதும் இவரே. ஓய்வுநாள் காலையில் ஏழு பேருக்கு அழைப்பு. இந்த வாரம் யாருக்குப் பிள்ளை பிறந்தது, யாருக்கு அப்பாவின் நினைவுநாள், யார் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் இவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் ஊர்த் திருவிழாவில் யாருக்கு முதல் மரியாதை என்று முடிவு செய்யும் நபரின் தலைவலியை நினைத்துப் பாருங்கள், அதை வாராவாரம் அனுபவிப்பவர்.

அப்புறம் ஷமாஷ். விளக்கேற்றி, புத்தகங்களை அடுக்கி, கதவைத் திறந்து மூடும் ஊழியர். கிழக்கு ஐரோப்பாவில் பாவமன்னிப்பு ஜெப நாட்களில் விடியுமுன்னே தெருத்தெருவாகப் போய்ச் சுத்தியலால் கதவைத் தட்டி ஆட்களை எழுப்பும் வேலையும் இருந்தது. ஹனுக்கா பண்டிகையில் எட்டு விளக்குகளையும் ஏற்ற உதவும் ஒன்பதாவது விளக்குக்கும் ஷமாஷ் என்றே பெயர். இவர்களைத் தவிர சுருள் எழுதுபவர், விருத்தசேதனம் செய்பவர், விதிப்படி ஆடு கோழி அறுப்பவர், சடலத்தைக் கழுவி அடக்கத்துக்குத் தயார் செய்யும் குழுவினர் எல்லாம் உண்டு. பல ஊர்களில் ஒரே ஆள் இதில் மூன்று நான்கு வேலையைப் பார்ப்பார்.

பெண்கள்? முதலில் அந்தப் படியைத் தாண்டியவர் பெர்லினைச் சேர்ந்த ரெகினா யோனாஸ். 1935இல் அவருக்கு ரபீ பட்டம் கிடைத்தது. நாஜிகள் ஆட்சியில் ரபீகள் நாடுவிட்டுப் போய்க்கொண்டிருந்தபோது மிச்சம் இருந்தவர்களுக்கு ஆறுதல் சொல்லி ஊர் ஊராகப் போனார். 1944இல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். அவருடைய பெயரே பல ஆண்டுகள் மறந்துபோயிருந்தது. 1972இல் அமெரிக்காவில் சாலி பிரீசாண்ட் பட்டம் பெற்றபோது அவரைத்தான் முதல் பெண் ரபீ என்று பத்திரிகைகள் எழுதின. மரபை இறுக்கமாகப் பிடிக்கும் ஆர்த்தடாக்ஸ் பிரிவில் பெரும்பாலோர் பெண் ரபீகளை இன்றும் ஏற்பதில்லை.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். 'ரெப்பே' என்பது ரபீயிலிருந்து வந்த சொல்தான், ஆனால் கிழக்கு ஐரோப்பாவில் பிறந்த ஹசிதியம் என்ற பக்தி இயக்கத்தில் அது ஒரு கூட்டத்தின் ஆன்மிகத் தலைவரைக் குறிக்கும். பெரும்பாலும் அப்பாவிலிருந்து பிள்ளைக்கோ மருமகனுக்கோ போகும். அவரிடம் ஆசி வாங்குவார்கள், அவர் தட்டில் மிஞ்சிய உணவைப் பிரசாதம் போல வாங்கிச் சாப்பிடுவார்கள். ரபீ பூசாரி அல்ல என்று இவ்வளவு நேரம் சொன்னதற்கு இது ஒரு விலக்கு மாதிரி. ஹசிதியப் பிரிவுகளில் ஒன்றான கபாத், உலகமெங்கும் இளம் ரபீ தம்பதிகளை அனுப்பி வைக்கிறது. மும்பை நரிமன் ஹவுஸில் 2008 நவம்பர் தாக்குதலில் கொல்லப்பட்ட கேவ்ரியல் ஹோல்ட்ஸ்பர்க்கும் மனைவி ரிவ்காவும் அப்படி வந்தவர்கள். வழிப்போக்கர்களுக்குச் சாப்பாடு போட்டு, ஓய்வுநாளுக்கு ஆட்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய இரண்டு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி வந்தவர் அந்த வீட்டில் வேலை பார்த்த சாண்ட்ரா சாமுவேல்.

மறுபடியும் மட்டாஞ்சேரி

கொச்சியில் ரபீ இல்லை என்றால் யார் இருந்தார்கள்? சமூகத்துக்குத் தலைவராகக் கொச்சி ராஜா ஒருவரை அங்கீகரித்தார். அவருக்குக் கொடுத்த பட்டம் முதலியார். ஆம், நம் முதலியார்தான். அந்தப் பட்டம் குடும்பத்தில் வழிவழியாக வந்தது. ஜெபத்தை நடத்தத் தெரிந்த ஆண்கள் இருந்தார்கள், கற்றறிந்த பெரியவர்கள் இருந்தார்கள். அவர்களில் நெகேமியா மோத்தா என்ற எபிரேயக் கவிஞர் 1615இல் இறந்தார். அவர் கல்லறையில் யூதர்கள் மட்டுமல்ல, அக்கம்பக்கத்து இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் மெழுகுவத்தி ஏற்றினார்கள். பெண்கள் நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்த மலையாளப் பாடல்களைக் கல்யாணத்திலும் பண்டிகையிலும் பாடினார்கள். கேரள ஜெபஆலயங்களில் மட்டும் காணப்படும் ஒரு அமைப்பும் உண்டு. கீழே நடுவில் இருக்கும் மேடை போதாதென்று மாடியில், பெண்கள் உட்காரும் பகுதிக்கு முன்னால், இரண்டாவது மேடை. ஓய்வுநாளிலும் பண்டிகையிலும் தோராவை அங்கிருந்து வாசித்தார்கள்.

ரபீ இல்லாததால் அங்கே எல்லாரும் சமம் என்று நினைத்துவிட வேண்டாம். விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர்களை 'மெஷுஹ்ராரிம்' என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். பரதேசி ஜெபஆலயத்தில் அவர்களைத் தோரா வாசிக்க அழைக்க மாட்டார்கள், உள்ளே மற்றவர்களோடு உட்காரவும் விடமாட்டார்கள். அந்தக் கூட்டத்தில் பிறந்த ஆபிரகாம் பராக் சேலம் (1882–1967) சென்னைக்கு வந்து சட்டம் படித்து வக்கீலானார். ஊர் திரும்பி, காந்தியின் வழியில் ஜெபஆலயத்துக்குள்ளேயே சத்தியாக்கிரகம் செய்தார். 'யூத காந்தி' என்று அவருக்குப் பெயர். அவர் கேட்டது ரபீ பட்டம் இல்லை. மேடைக்குப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், பெஞ்சில் உட்கார இடம் வேண்டும், அவ்வளவுதான். கபாயின் பட்டியல் எவ்வளவு கனமான காகிதம் என்பது இதில் தெரியும். மெல்ல மெல்ல அந்தத் தடைகள் விலகின.

அவை விலகி முடிந்த காலத்தில் ஆட்களே குறைந்துபோனார்கள். 1950களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் கப்பலேறினார்கள். இன்று மட்டாஞ்சேரியில் உள்ளூர் யூதர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், பத்து விரல்கூடத் தேவைப்படாது. ஓய்வுநாளில் அங்கே தோராச் சுருளை வெளியே எடுக்க வேண்டுமானால் வெளியூரிலிருந்து யூதப் பயணிகள் யாராவது வந்திருக்க வேண்டும். அப்படி வருகிறவர் ரபீயா, கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவரா, முதுகில் பையோடு ஊர் சுற்றும் பையனா என்று யாரும் கேட்பதில்லை. வாசலில் செருப்பைக் கழற்றுகிறாரே, அதற்குள் ஒருவர் எண்ணிக்கொண்டிருப்பார்: ஏழு, எட்டு, ஒன்பது.